தீராத நோயும் தவறாத கவனிப்பும்

நம் பாட்டனார் காலத்தில் நோய்க்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. காய்ச்சல் வந்தது, கஷாயம் குடித்துப் பத்தியம் இருந்தார்கள், பத்து நாளில் நோய் தீர்ந்தது, அன்றேல் ஆளைத் தீர்த்தது. இன்று நம் இல்லங்களிற் குடிபுகுந்திருக்கும் நோய்களோ அத்தகையன அல்ல. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு முதலியவை வந்தபின் போவதில்லை. இருபது ஆண்டும் முப்பது ஆண்டும் அவற்றோடு வாழ வேண்டியிருக்கிறது. நன்றாக வாழவும் முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கவனிப்பு இடையறாமல் நடக்க வேண்டும். அவ்விதக் கவனிப்பை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

இதைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வு தேறியதும் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இப்பொழுது டாட்டாநகரில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கிறோம். ஆயினும் அச்சாளரத்தில் நாள்தோறும் காண்பதும், எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு துயரமும் நம்மை இப்பொருளில் ஆழ்ந்து சிந்திக்கச் செய்தன. சிந்தித்ததையும் படித்தறிந்ததையும் நம்மைப்போல் வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

காட்பாடிக்குப் பயணச்சீட்டு

சோட்டா நாக்பூர்ப் பக்கத்திலிருந்தும் அண்டையிலுள்ள வங்காளத்திலிருந்தும் தமிழ்நாட்டுக்குச் செல்வோரில் கணிசமானவர்கள் நோயாளிகள். அவர்கள் நிரப்பித் தரும் படிவத்தில் சேருமிடம் காட்பாடி என்றிருக்கும். வேலூரில் 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைத் தேடி அவர்கள் செல்கிறார்கள். பழைய சீட்டுகளும் ஊடுகதிர்ப் படங்களும் அடங்கிய பை ஒன்று கையில் இருக்கும். நாம் தமிழர் என்று அறிந்தால் வேலூரில் தங்குமிடம் எப்படி, சோறு எப்படி என்று கேட்பார்கள்.

சென்று திரும்பியவர்களும் மறுபடியும் வருவதுண்டு. அவர்களில் ஒரு முதியவர் கேட்ட கேள்வி இன்னும் நம் செவியில் இருக்கிறது. "பெரிய டாக்டர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார், மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த மூன்று மாதமும் என்னை யார் பார்ப்பார்கள்?" என்றார் அவர். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை மாதந்தோறும் யாரால் கடக்க இயலும்? சிறந்த மருத்துவரை ஒரு முறை காண்பது வேறு; ஆண்டு முழுவதும் கவனிக்கப்படுவது வேறு. அவர் கேட்டது இரண்டாவதை.

எங்கள் இல்லத்தில் நேர்ந்தது

எங்கள் தந்தையாரின் தமக்கையார், இளமையிலேயே கணவரை இழந்தவர், எங்களை எடுத்து வளர்த்தவர். இரயில்வே விதிகளின்படி அத்தை என்ற உறவு எங்கள் மருத்துவ அட்டையில் இடம்பெறுவதில்லை. ஆதலால் அவருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்ததும் பக்கத்திலுள்ள ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் காட்டி வந்தோம். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. மாதம் ஒரு முறை அளந்து பார்த்துச் சீட்டு எழுதித் தருவார்கள். ஐந்து ஆண்டுகள் குறையொன்றும் இல்லை.

பின்னர் ஒரு திருமணத்தை முன்னிட்டு அத்தையார் தஞ்சைப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குச் சென்றார். ஒரு மாத மாத்திரையோடு சென்றவர் கோயில் திருவிழா, பேத்தியின் பிரசவம் என்று நான்கு மாதம் தங்கிவிட்டார். மாத்திரை தீர்ந்தது. வலியோ காய்ச்சலோ இல்லை. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே அதன் வஞ்சகம். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது" என்று இருந்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் வாசலிற் கோலம் இட்டுக்கொண்டிருந்தபோது கையிலிருந்த மாவு அப்படியே கொட்டிற்று. வலப்பக்கம் விழுந்துவிட்டது.

மருத்துவமனையில் முதலிற் கேட்ட கேள்வி, என்ன மருந்து சாப்பிட்டு வந்தார் என்பது. அங்கிருந்த உறவினர் எவருக்கும் தெரியவில்லை. சீட்டு இங்கே எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. தொலைபேசியில் எங்களைக் கேட்டபோது, "ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்" என்பதற்குமேல் உடனே சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. அத்தையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலக்கை முன்போல் இல்லை.

யார் செய்த பிழை இது என்று பல நாள் எண்ணிப் பார்த்தோம். மருத்துவர் தந்த மருந்து சரியானது, விலையும் மிகுதியன்று. அத்தையார் சொன்ன சொல் கேளாதவர் அல்லர். நாங்கள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயிற்றா அத்தை?" என்று தவறாமல் கேட்டோம். "மாத்திரை இருக்கிறதா?" என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அந்த மருத்துவ நிலையத்திலோ மாதந்தோறும் வந்த ஓர் அம்மையார் நான்கு மாதமாக வரவில்லை என்பதை எவரும் அறியவில்லை. அறிவதற்கான ஏடு அவர்களிடம் இல்லை. வந்தவரைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வராதவரைத் தேடுவது எவர் வேலையும் அன்று. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஊழியர் ஒரு நாள் வரத் தவறினால் வருகைப் பதிவேடு மாலைக்குள் அதைக் காட்டிவிடும். உயிரைக் காக்கும் இடத்தில் அவ்வளவு ஒழுங்கேனும் இருந்திருந்தால் அத்தையாரின் கை தப்பியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறோம்.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதியாகக் கூறுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தை உரிய முறையில் கொடுத்துக் கவனிப்பவர் என்பவை அந்நான்கு. இவற்றில் முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். நான்காமவரை மறந்துவிட்டோம். முற்காலத்தில் அவ்விடத்தைக் கூட்டுக் குடும்பம் நிரப்பிற்று. இன்று மகன் சூரத்தில், மகள் பெங்களூரில், பெற்றோர் வேறோர் ஊரில். வீட்டிலிருந்த நான்காமவர் பிரிந்து போனார்; அவருக்குப் பதிலாக வேறொருவரை அமைப்பு முறையில் ஏற்படுத்தியாக வேண்டும்.

மேனாட்டாரும் இம்முடிவுக்கு வந்திருக்கின்றனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்வர்ட் வாக்னர் என்னும் மருத்துவர் நாட்பட்ட நோய்க்கான கவனிப்பு முறை ஒன்றை வகுத்து 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மருத்துவமனைகள் திடீரென வரும் நோய்க்கு ஏற்றவாறு அமைந்துள்ளன, நீண்ட நோய்க்கு அவை ஏற்றவை அல்ல என்பது அவர் கண்ட குறை. மருத்துவர் ஒருவரே எல்லாம் செய்யாமல் செவிலியரும் மருந்தாளரும் சேர்ந்த குழு வேண்டும். நோயாளிகளின் பதிவேடு வேண்டும். தம் நோயைத் தாமே பேணும் முறையை நோயாளிக்குக் கற்பிக்க வேண்டும். ஊர்ச் சங்கங்களின் துணை வேண்டும் என்று அவர் கூறினார். ஊர்ச் சங்கம் என்றதும் நம் சங்கமும் அதில் அடங்கும் என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்க.

சென்னை காட்டிய வழி

இதற்கெல்லாம் முன்பே சென்னை உலகுக்கு ஒரு பாடம் கற்பித்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. காசநோய் அந்நாளில் பேரச்சம் தந்த நோய். நோயாளியை ஊருக்கு வெளியே, நல்ல காற்றுள்ள இடத்தில், மாதக்கணக்கில் தனி விடுதியில் வைத்துப் பார்ப்பதே சரியான சிகிச்சை எனக் கருதினார்கள். சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் போனவர்கள் சானடோரியம் என்ற நிலையத்தைக் கண்டிருப்பார்கள். அப்பெயர் அக்காலத்தின் நினைவு. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகள் அனைவருக்கும் விடுதிகளிற் படுக்கை எங்கே?

1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகியவை ஒன்றுசேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் முன்னின்று நடத்தினார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறைபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் விடுதியில், நல்ல உணவும் ஓய்வும் தாதியர் பணிவிடையும் பெற்றனர். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தம் குடிசைகளிலேயே இருந்துகொண்டு அதே மருந்தை ஓராண்டு உண்டனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தார்க்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. இதன்பின் உலகெங்கும் விடுதி முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

வீடே போதும் என்று மட்டும் இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. மையத்தார் மாத்திரையைக் கையிற் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நோயாளி வாரந்தோறும் வந்து மருந்து பெற வேண்டும். சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் செல்வார். சில சமயம் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார். மருந்து உண்டாரா என்பதை அறியச் சிறுநீரும் சோதிப்பார். வராதவரைத் தேடி ஆள் போகும். வள்ளுவர் சொன்ன நான்காமவர் அங்கே மாதச் சம்பளத்தில் நியமிக்கப்பட்டிருந்தார். பிற்காலத்தில் நாட்டின் பல பாகங்களில் மருந்து மட்டும் கொடுத்து இந்தப் பின்தொடர்தலை விட்டுவிட்டபோது, நோயாளிகள் பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டனர். அதனாலேயே 1997-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டத்தில், ஒருவர் பார்த்திருக்க மருந்து உண்ணும் முறை கொணரப்பட்டது.

இன்றைய முயற்சிகள்

நிற்க. இன்றைய நிலைமை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல். இரத்தக் கொதிப்பு உடையோர் 31 கோடிக்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. இத்தனை பேரைச் சிறப்பு மருத்துவர்கள் மட்டுமே மாதந்தோறும் பார்ப்பதென்பது கனவிலும் நடவாது. ஆதலால் பணியைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடுகள் பல இடங்களில் எழுந்துள்ளன. அவற்றில் மூன்றை மட்டும் குறிப்பிடுவோம்.

முதலாவது கேரளத்தின் முயற்சி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து நோவு தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். புற்றுநோயாளிகளின் வேதனையைத் தணிப்பதில் தொடங்கிய அப்பணி, பின்னர் படுக்கையில் விழுந்த எல்லா வகை நோயாளிகளையும் தழுவிற்று. அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்றுத் தத்தம் தெருவிலுள்ள நோயாளியை வாரந்தோறும் சென்று பார்த்தனர். செலவுக்கு ஊரார் சிறுதொகைகளைத் திரட்டினர். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தும் தேசிய முயற்சி. இது 2017-ஆம் ஆண்டு நவம்பரில் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கியது. அதன் முறை எளியது. எந்த மருந்தை முதலில் தருவது, குறையாவிடில் எதைச் சேர்ப்பது என்று மாநிலத்துக்கு ஒரே வரிசையை வகுத்தார்கள். மருந்து வகைகள் குறைந்ததால் அவற்றைத் தட்டின்றி வாங்கி வைக்க இயன்றது. செவிலியரே அளந்து எழுதினர். ஒரு மாத மாத்திரையை வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே பெறச் செய்தனர். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையும், நிலையத்தில் ஒரு பதிவும் உண்டு. யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய கொதிப்பு அடங்கியிருக்கிறது என்பதை அதிற் காணலாம். வராதவரைத் தொலைபேசியில் அழைப்பார்கள். இம்முயற்சிக்கு 2022-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்'. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதனைத் தொடங்கிவைத்தார். சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கொடுத்து வருகின்றனர். நடமாட இயலாதவர்க்கு உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் செவிலியரும் வீட்டுக்கே வருகின்றனர். இதுவும் 2024-இல் ஐக்கிய நாடுகள் விருது பெற்றது. வீடு வரை மாத்திரை போய்ச் சேர்வதற்கு முன்பே ஓர் அடித்தளம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் முறையை நிலைநாட்டியிருந்தது. கிடங்கில் மருந்து இல்லாவிடில் வீடு தேடிச் செல்பவர் வெறுங்கையோடன்றோ செல்ல வேண்டும்?

ஆராய்ந்தால் இம்மூன்றிலும் அமைந்துள்ள உறுப்புகள் ஏறக்குறைய ஒன்றே: தடையில்லாத மருந்து, வீட்டுக்கு அருகிலேயே கவனிப்பு, தேடி வரும் ஆள். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இவற்றில் இல்லை. செய்ய வேண்டியதைத் தவறாமற் செய்யும் ஏற்பாடு மட்டுமே உண்டு.

இரண்டு ஊர்க்காரரின் இடர்ப்பாடு

ஆனால் இத்திட்டங்கள் அனைத்தும் ஒரே ஊரில் நிலையாக வாழ்பவரை மனத்திற்கொண்டு அமைந்தவை. நம்மைப் போன்றவர்க்கு இரண்டு ஊர்கள். பெற்றோர் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. இங்குள்ள பதிவேட்டில், 'ஊருக்குப் போய்விட்டார்' என்று எழுதுவார்கள். அங்குள்ள பதிவேட்டில் பெயரே இராது. நடுவில் நோய் மட்டும் இடைவிடாமல் உடன் பயணம் செய்கிறது. மொழியும் ஒரு தடை. ஐம்பது ஆண்டு தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு மகனோடு இங்கு வந்து சேர்ந்த ஓர் அம்மையார், நெஞ்சில் உண்டாகும் படபடப்பை இந்தியில் எங்ஙனம் விளக்குவார்? மகனுக்கோ அலுவலகம்; மருமகளுக்கும் அலுவலகம். 'எல்லாம் சரிதான்' என்று தலையாட்டிவிட்டு வருவதே அவருக்கு எளிது.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கூறுவர். நம் ஜார்க்கண்டின் ராஞ்சியில்தான் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2024 அக்டோபரில் எழுபது வயது நிறைந்தோர் அனைவர்க்கும், வருமான வரம்பின்றி, அது விரிவாக்கப்பட்டது. மிகவும் பயனுள்ள திட்டம். தகுதியுடையோர் அட்டையைப் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம். ஆனால் அது மருத்துவமனையிற் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு உரியது. ஆண்டுக்கணக்காக உண்ணும் அன்றாட மாத்திரையின் செலவை அது ஏற்பதில்லை. விழுந்தவரைத் தூக்க ஏற்பாடு இருக்கிறது. விழாமல் காப்பது பெரும்பாலும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது.

வீடுகளில் செய்ய வேண்டியன

முதலாவதாக, நீடித்த நோயுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். அதில் நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, கடைசியாக அளந்த அழுத்தமும் சர்க்கரையும் தேதியோடு இருத்தல் வேண்டும். மருந்தை எழுதும்போது கம்பெனி இட்ட பெயரை மட்டும் எழுதினால் போதாது. மாத்திரை அட்டையிற் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் எழுத வேண்டும். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மூலப்பெயர் எங்கும் ஒன்றே. 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்கு மருந்து வாங்கவும் மூலப்பெயரே உதவும். அப்பக்கத்தை நிழற்படம் எடுத்துப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வைத்திருப்பது நன்று.

இரண்டாவதாக, ஊருக்குப் புறப்படுவோர் பயணச்சீட்டு எடுக்கும் அன்றே மாத்திரைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். தங்கப்போகும் நாட்களுக்கு வேண்டியதோடு பதினைந்து நாளுக்கு மேலதிகமாகவும் இருக்கட்டும். மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுக. ஒரு மாதத்துக்கு மேல் தங்க நேர்ந்தால், சென்ற வாரத்திலேயே அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறிப்பேட்டோடு சென்று காட்டிவிட வேண்டும்.

மூன்றாவதாக, நம் துறையைச் சேர்ந்த ஒரு செய்தி. 2020 மார்ச்சில் இரயில் கட்டணச் சலுகைகள் பல நிறுத்தப்பட்டபோதும், குறிப்பிட்ட நோயாளிகளுக்கான சலுகை தொடர்ந்தது. புற்றுநோய், சிறுநீரக நோய், இதய அறுவை, தாலசீமியா, காசநோய் முதலியவற்றுக்காகச் சிகிச்சைக்குச் செல்வோர் மருத்துவமனையில் உரிய படிவத்திற் கையொப்பம் பெற்று வந்து, சாளரத்தில் நேரே கொடுத்தால் சலுகை கிடைக்கும். இது தெரியாமல் முழுக் கட்டணமும் செலுத்திச் செல்லும் ஏழைகளை நாம் கண்டிருக்கிறோம்.

சங்கம் செய்யக்கூடியன

நம் சங்கம் பொங்கல் விழாவும் பள்ளிப் பரிசளிப்பும் செம்மையாக நடத்தி வருகிறது. அதே உழைப்பில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சங்க மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இரத்த அழுத்தம் அளந்து குறிப்பேட்டில் எழுதித் தரலாம். நம்மவரில் செவிலியராய் இருப்போரும் ஓய்வு பெற்ற மருந்தாளரும் முன்வருவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. விரும்பியவர்களின் பெயரை மட்டும் ஒரு பதிவேட்டில் எழுதிப் பூட்டி வைக்கலாம். நோய் ஒருவருடைய சொந்தச் செய்தி. அது திண்ணைப் பேச்சாகிவிட்டால் அடுத்த மாதம் எவரும் வரமாட்டார்கள்.

அப்பதிவேட்டின் முக்கியமான பயன் இனித்தான் இருக்கிறது. வராதவர் யார் என்று அன்று மாலையே பார்க்க வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு தொண்டர் என்று பிரித்துக்கொண்டு, வராதவர் வீட்டுக்குச் சென்று, "ஏன் வரவில்லை? மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். ஊருக்குச் சென்றவரானால் அங்கே தொலைபேசியில் கேட்க வேண்டும். இந்தி அறியாத பெரியவர்களுக்கு மருத்துவமனை வரை துணை செல்வோரின் பட்டியல் ஒன்றும் வேண்டும். பெண்களுக்குப் பெண்கள் துணையாக இருப்பது சிறப்பு.

தொண்டர்கள் ஓர் எல்லையைக் கடக்கலாகாது. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை. அளவு மீறியிருப்பதைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவதே நம் வேலை. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திராமல் அக்கணமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூளையின் இரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க இயலும்.

சங்கம் அரசின் வேலையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. முப்பது வயது கடந்தோர்க்கு இந்நோய்களைச் சோதித்தறிவது ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படும் அரசு நிலையங்களின் கடமைகளுள் ஒன்று. நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள நிலையத்தின் அலுவலரைச் சங்கத்தின் சார்பிற் கண்டு, நீடித்த நோயாளிகளுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குமாறும், மாத மருந்தை ஒரே தடவையில் தருமாறும், வராதவர் பெயர்களை நம் தொண்டர்க்குத் தெரிவிக்குமாறும் கேட்கலாம். தனியொருவர் கேட்டால் நாளை வா என்பார்கள். நாற்பது குடும்பங்கள் கையொப்பமிட்டுக் கேட்டால் செவி சாய்ப்பர்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. அழுத்தம் அளக்கும் கருவிகள் இரண்டு, குறிப்பேடுகள் நூறு, ஒரு பதிவேடு, மாதத்தில் ஒரு காலைப்பொழுது. இவை இருந்தாற் போதும். ஆனால் ஓரிரு மாதம் ஆர்வமாக நடத்திவிட்டு மூன்றாம் மாதம் விட்டுவிடுவதானால் தொடங்காமலே இருப்பது நன்று. நோய் விடுமுறை எடுப்பதில்லை.

எங்கள் அத்தையார் இப்பொழுது எங்களோடு இருக்கிறார். அவருடைய குறிப்பேடு பூஜை அறை மாடத்தில் இருக்கிறது. மாத்திரை உண்டதும் அன்றைய தேதிக்கு நேரே இடக்கையால் அவரே ஒரு கோடு இடுகிறார். கோடு வளைந்துதான் வருகிறது. ஆனால் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. வரும் பொதுக்கூட்டத்தில் இக்கருத்து எடுத்துக்கொள்ளப்படுமானால், சங்கப் பதிவேட்டில் முதற்பெயராக எழுதிக்கொள்ள அவர் இசைந்திருக்கிறார். பத்து வீடுகளை ஏற்கும் தொண்டராக நம் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறோம். மற்ற அன்பர்களும் தத்தம் கருத்துகளை எழுதி அனுப்புவார்களாக.